பொசாதாஸில் சொன்ன பதில்

பொசாதாஸில் எல்லாமே முழங்கால் உயரம் வரை சிவப்பு. கார்களின் கதவு, வீட்டுச் சுவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறை, தெருநாயின் வயிறு. மழை பெய்தால் மண் தெறிக்கிறது, வெயிலடித்தால் பறக்கிறது; எப்படியும் ஒட்டிக்கொள்கிறது. ஆர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில், பரானா ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். அதை ஆறு என்று அவர்கள்தான் சொன்னார்கள். இலங்கை மலையகத்தின் கொத்மலை ஓயாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஆறாகத் தெரியவில்லை. எதிர்க்கரை வேறு நாடு. மாலையில் பராகுவேயின் விளக்குகள் ஆர்ஜென்டினாவின் தண்ணீரில் விழுந்து கிடந்தன.

நான் அங்கே போனது இரண்டு வேலைகளுக்காக. ஒன்று, பத்திரிகைக்கு எழுத. மற்றது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குத் துணையாகவும் வாயாகவும் இருக்க. லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு, அந்த நகரத்தில் நடந்த தேயிலைக் கண்காட்சியில் ஒரு கடை கிடைத்திருந்தது. ஆர்ஜென்டினாவில் தேயிலையை மெசின்தான் வெட்டுகிறது. எங்களுடையது கையால் பறித்தது என்று காட்டினால் நல்ல விலை பேசலாம் என்று தோட்டத்தின் மனேஜர், தொழிலாளர் வாயில் பெரிய தொரை, நினைத்தார். காட்டுவதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. பெண்ணொருத்தியைத் தனியாகக் கூட்டிப்போனால் ஊர் பேசும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஹட்டன்காரி; வேலை கொழும்பில். தமிழும் ஆங்கிலமும் தெரியும். அது போதுமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது நெருங்கியிருந்தது. நான் அவரை அம்மா என்றே கூப்பிட்டேன். ஒல்லி. முன்வாயில் இரண்டு பல் இல்லை. அவருடைய பாஸ்போட் வந்த அன்று தொரை அதைத்தான் சொன்னாராம்: "அங்கே போட்டோ எடுப்பாங்க. சிரிக்கிறப்ப வாயை மூடிக்கோ." தொரை கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்தில் கற்ற தமிழ் அவருடையது. அதில் ஏவல் மட்டும்தான் உண்டு.

அந்த அம்மா ஏன் வரச் சம்மதித்தார் என்பதை விமானம் மேலே ஏறுவதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார். மகளுக்காக. மகள் மழைநாளில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. மலை ஏற முடியாது. ஏறமுடியாத பெண்ணுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: பிள்ளை மடுவம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. ஃபெக்டரி ரோட்டோரமாக, சமதரையில் இருக்கிறது. அங்கே ஆயாவாக இருந்தவர் ஓய்வுபெறப் போகிறார். அந்த வேலையை மகளுக்குத் தருவதாகத் தொரை சொல்லியிருந்தார்.

"பெரட்டுல வச்சு சொல்லல்ல மிஸ். ஆபிசுக்குக் கூப்பிட்டு, உள்ள நிக்க வச்சு சொன்னாரு" என்றார். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தொரை ஆயிரம் சொல்வார். ஆபிசுக்குள் நிற்கவைத்துச் சொன்னது வேறு. இதை அவர் நாங்கள் மாறிய ஒவ்வொரு விமான நிலையத்திலும் சொன்னார்.

முதல் நாள் மதியம் ஹோட்டலிலிருந்து வெளியே வந்தபோது நகரம் மூடியிருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. தெருவில் ஆள் இல்லை. பண்டாரவளைப் பக்கம் பார்த்த அதே ஊதாப் பூ மரங்கள் வரிசையாக நின்று ரோட்டில் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தன. அதைக் கூட்டவும் ஆள் இல்லை.

"யாரு மிஸ் செத்தது?" என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்கும், அது இங்கே வழக்கம் என்றேன்.

"வேலைக்காரங்களுமா?"

"எல்லாரும்."

"அப்ப யாரு முழிச்சிக்கிட்டு திட்டுறது?"

கேலியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

கண்காட்சி மண்டபத்துக்குப் போகும் வழியில், ஒரு வங்கியின் வாசலில், அந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் குழந்தை. முன்னால் மூங்கில் கூடைகளும், வேரோடு பிடுங்கிய காட்டுப் பூக்களும். வாங்குகிறவர்களை நான் பார்க்கவில்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலம் படித்த உள்ளூர்ப் பெண்பிள்ளை, அவர்களைப் பற்றி ஏதோ வருத்தமாகச் சொன்னாள். எங்கள் அம்மா குனிந்து ஒரு கூடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியை விரலால் தட்டினார். "இதுல ஒரு கைப்பிடி கொழுந்து போட்டா அடி விட்டுரும்" என்று கீழே போட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்காட்சிக்கு அமைச்சர் யாரோ வருகிறார் என்று மறுநாள் பொலிசார் வந்து அவர்களை எழுப்பிவிட்டார்கள். ஒரு குழந்தை தூக்கம் கலைந்து கத்தியது.

"நல்லதுதான். வழிய அடைச்சிக்கிட்டு" என்றார் எங்கள் அம்மா.

அந்த ஊரில் எல்லோரும் கக்கத்தில் ஒரு சுடுதண்ணிப் போத்தலை இடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கையில் ஒரு சுரைக்குடுக்கை. அதில் ஒரு பச்சைத் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இரும்புக் குழாயால் உறிஞ்சுவார்கள். உறிஞ்சிவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். அவர் அதே குழாயில் உறிஞ்சுவார். பஸ் தரிப்பிடத்தில், வங்கியில், ஆற்றங்கரைச் சிமெந்துக் கட்டின்மேல், முன்பின் தெரியாதவர்களும்கூட. மொழிபெயர்ப்பாளப் பிள்ளை முதல் நாளே அன்பாக நீட்டினாள். எங்கள் அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எச்சி மிஸ். வேணாம்னு பக்குவமா சொல்லுங்க."

பக்குவமாகச் சொன்னேன். பிள்ளையின் முகம் விழுந்தது.

மூன்றாம் நாள் எங்கள் கடைக்கு ஒரு தோட்ட முதலாளி வந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன். வெள்ளை முடி, பெரிய வயிறு, சிவந்த கழுத்து. அவரும் அதே குடுக்கையை நீட்டினார். எங்கள் அம்மா இரண்டு கைகளாலும் வாங்கி, குழாயை வாயில் வைத்து, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். மொழிபெயர்ப்பாளப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் விளக்கவில்லை. தொரைமார் கொடுத்தால் வாங்க வேண்டும், காட்டினால் மெச்ச வேண்டும். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்சுவர் முழுக்க ஒரு படம்: பனி, மலை, அருவி. அதற்கு முன்னால் பலகையைச் சரிவாக அடித்து, பச்சைக் கம்பளம் விரித்து, தொட்டியில் வைத்த தேயிலைச் செடிகள். செடிகள் உள்ளூர் நாற்றுமேடையில் வாங்கியவை. எங்கள் அம்மாவுக்குச் சிவப்புச் சேலை, முதுகில் பிரம்புக் கூடை. தோட்டத்தில் பிரம்புக் கூடை போய் வெகுகாலமாகிறது. உரச்சாக்கைத் தைத்துத்தான் முதுகில் கட்டுகிறார்கள். இந்தக் கூடை, நுவரெலியாவில் வெள்ளைக்காரர்களுக்கு நினைவுப்பொருள் விற்கும் கடையில் வாங்கியது. அளவு சிறிது, கயிறு கட்டை. கயிறு நெற்றியில் பதிந்து மாலைக்குள் கோடு விழுந்துவிடும்.

காலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்வது மலையக வழக்கம். அன்றைய கொழுந்து பெருக வேண்டும் என்பதற்காக. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். முதல் நாள் அவர் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு முதல் பிடியைப் போட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கூட வந்திருந்த தொரைக்குப் பிடித்துவிட்டது. "ஆ, அது நல்லா இருக்கு. ஆளுங்க வர்றப்ப எல்லாம் சொல்லு. சத்தமா."

"முத பிடிக்குத்தாங்க தொரை சொல்றது."

"இங்க எல்லாப் பிடியும் முதல் பிடிதான்."

ஆட்கள் வரும்போதெல்லாம் சொன்னார். பிற்பகலில் தொண்டை கட்டிவிட்டது. அதற்கிடையில் இன்னொரு சிக்கல். தொட்டிச் செடிகளில் கொழுந்து எவ்வளவு இருக்கும்? மதியத்துக்குள் எல்லாம் மொட்டை. தொரை வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"யார் பறிக்கச் சொன்னது? பறிக்காதே. பறிக்கிற மாதிரி செய்."

"எப்படிங்க தொரை?"

"கை போகணும். இலை வரக் கூடாது."

அது அவரால் முடியவில்லை. கை செடிக்குள் போனால் இலையோடுதான் திரும்பி வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் மடங்குவது அவருக்கே தெரியவில்லை. தொரை மறுநாள் புதுச் செடிகள் வாங்கிவைத்து, செடிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கவைத்தார். அன்றிலிருந்து அவர் வெறுங்காற்றைப் பறித்து, தோளுக்கு மேலால் கூடைக்குள் போட்டார். தூரத்திலிருந்து படம் எடுப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

கடைசி நாளுக்கு முதல் நாள், குடுக்கை கொடுத்த முதலாளி எங்களைத் தன் தோட்டத்துக்கு அழைத்தார். நகரத்திலிருந்து பஸ்ஸில் பாதி நாள் பயணம். புறப்படும்முன் காலைச் சாப்பாட்டு மேசையில் தொரை எங்கள் அம்மாவைப் பார்த்து, "ஊருக்குப் போனதும் மகளை ஆபிசுக்கு அனுப்பு. ஆயா வேலை அவளுக்குத்தான்" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார். விலை படிந்திருந்தது.

முதலாளியின் தோட்டத்தில் மலை இல்லை. மெல்லிய மேடு பள்ளம், சிவப்பு மண், கண்ணுக்கெட்டிய தூரம் நேர்வரிசை. எங்கள் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தைத் தேடினார். லயம் இல்லை. பெரட்டுக் களம் இல்லை. கோயில் இல்லை.

"இவ்வளவு கொழுந்துக்கும் ஆளுங்க எங்க மிஸ்?"

ஆள் வந்தார். ஒரே ஆள். வரிசையின் இரண்டு பக்கமும் சக்கரம் போட்டு, செடிக்கு மேலே கால்பரப்பி நிற்கும் ஒரு பெரிய மெசினின் உச்சியில், குடைக்கடியில், ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெசின் நகர்ந்தது. அது போன இடமெல்லாம் செடியின் தலை மேசைபோலாகிவிட்டது. வெட்டியது ஒரு குழாய் வழியாகப் பின்னால் பறந்து பெரிய பெட்டிக்குள் விழுந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் காலையிலிருந்து மாலைவரை பறிப்பதை, அது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டுத் திரும்பியது.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அம்மாவின் தோளில் கைபோட்டு மெசினுக்கு முன்னால் நிறுத்தினார். தொரை தன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். முதலாளி ஸ்பானியத்தில் கேட்டார், பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் கேட்டேன்: "இந்த மெசினைப் பற்றி என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கிறாரு. உங்க தோட்டத்துக்கு வந்தா எப்படி இருக்கும்னும் கேக்கிறாரு."

அவர் தொரையைப் பார்த்தார். தொரை போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதாங்க" என்றார். பிறகு, அது போதாது என்று நினைத்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் சேர்த்தார். "எங்க தோட்டத்துக்கும் வந்தா நல்லதுங்க. பொம்பளைங்களுக்கு இடுப்பு மிச்சம்."

கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளை ஸ்பானியத்தில் சொன்னாள். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து எங்கள் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தொரை போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மெசின் வெட்டிய ஒரு பிடி. தண்டு, முற்றல் இலை, பாதி அறுந்த மொட்டு.

"இது கொழுந்தா மிஸ்? மாட்டுக்கு வெட்டுன புல்லு. நம்ம மலையில இது ஏறாது. ஏத்துனாலும் செடி மூணு வருசத்துல செத்துரும்."

"பிறகு ஏன் நல்லதுன்னு சொன்னீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொரமாரு கூட்டிக்கிட்டுப் போயி காட்டுறப்ப நல்லால்லன்னு சொல்லுவாங்களா? நீங்க எங்க மிஸ் வளந்தீங்க?"

பஸ்ஸின் சன்னலைத் திறந்து அந்தப் பிடியை வெளியே வீசினார். கையை மோந்து பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்தார்.

நான் பத்திரிகையில் ஆற்றைப் பற்றியும், தூங்கும் மதியத்தைப் பற்றியும், குடுக்கையைப் பற்றியும் எழுதினேன். மெசினைப் பற்றிய பகுதியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

தொரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாங்கள் திரும்பிய பத்தாம் நாள் மகள் பிள்ளை மடுவத்தில் ஆயாவானாள். எங்கள் அம்மா எனக்குப் போன் எடுத்து, பின்னால் குழந்தைகள் அழும் சத்தத்தைக் கேட்கவைத்தார். "கேக்குதா மிஸ்? எல்லாம் அவ பொறுப்புத்தான்." மகள் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு சமதரையில் நடக்கிறாள், ஒரு பக்கம் சாய்ந்துதான், ஆனால் விழவில்லை என்றார். குரலில் அப்படியொரு கனம். அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் அதைக் கேட்டதில்லை.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பலர் சொல்லக் கேட்டது. சொன்னவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

ஒரு காலையில் பெரட்டுக் களத்துக்கு ஆபிசிலிருந்து பெரிய டீவியைக் கொண்டுவந்து ஒரு கூரைக்கடியில் வைத்தார்கள். தொரை வீடியோவைப் போட்டார். மழைக்குத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற பெண்கள், தங்களில் ஒருத்தி சிவந்த கழுத்துத் தொரையின் கைக்கடியில் நிற்பதைப் பார்த்தார்கள். "பொம்பளைங்களுக்கு இடுப்பு மிச்சம்" என்பதைக் கேட்டார்கள். தொரை அதை இரண்டாம் தடவையும் போட்டார். பிறகு சொன்னார்: "அவ்வளவு பெரிசு இங்க வராது. சின்னது வரும். ரெண்டு ஆம்பிளை பிடிச்சா போதும். உங்க ஆள்தான் சொல்றா, நல்லதுன்னு."

கலையும்போது ஒருத்தி மட்டும் சத்தமாகச் சொன்னாளாம்: "அக்கா, யாரு இடுப்பு மிச்சம்? ஒங்க மக இடுப்பா?"

அதற்கு எழுந்த சிரிப்பை எங்கள் அம்மா எனக்குச் சொன்னார். "சிரிச்சாங்க மிஸ். ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

சின்ன மெசின்கள் வந்தன. ஒரு செடி வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பது. பின்னால் ஒரு நீளப் பை காற்றில் உப்பிக்கொண்டு வரும். பிடித்தவர்கள் ஆண்கள். பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலையில்லை என்றானது. இளையவர்கள் முதலில் போனார்கள், தையல் ஃபெக்டரிகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் இளையவர்கள்தான். குழந்தைகளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மடுவத்தின் உத்தரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிஞ்சியிருந்த தாய்மாரும் கொண்டுவரவில்லை. "அவ கையில எம்புள்ளயக் குடுக்குறதுக்கு, கட்டில்கால்ல கட்டிப்போட்டுட்டுப் போவேன்" என்று ஒருத்தி சொன்னாள். சொன்னபடியே செய்தாள். குழந்தையின் கணுக்காலில் கயிற்றுத் தழும்பை நானே பார்த்தேன்.

பிள்ளைகள் இல்லாத மடுவத்துக்கு ஆயா எதற்கு? கீழ் டிவிசன் மடுவத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு ஆயா இருந்தார். எங்கள் அம்மா தொரையைப் பார்க்கப் போனார். இந்தத் தடவை உள்ளே கூப்பிடவில்லை. ஆபிஸ் வாசலில் நிற்கவைத்துத்தான் பேசினாராம்.

"மகளுக்கு வேலை குடுக்கறேன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க தொரை."

"குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க தொரை."

"அப்ப?"

எங்கள் அம்மா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மூடப்பட்ட மடுவங்களைப் பற்றி எழுதுவதற்காக நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். அவருடைய லயத்துக்கும் போனேன். வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் மகள் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை. லயத்தின் பக்கத்து அறைகளான காம்பராக்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வேலையில்லாத நாள், அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. எங்கள் அம்மா உள்ளேயிருந்து உட்காரும் மரமுட்டியை எடுத்துவந்து எனக்குப் போட்டார். மெலிந்திருந்தார்.

மகள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். நீங்கதானே அங்க கூட நின்னது?"

"ஆமா."

"அம்மா சொல்லுது, இது நம்ம மலையில ஏறாதுன்னு அங்கயே சொன்னிச்சாம். அத தொரை வெட்டிட்டு மத்ததைத்தான் போட்டாராம். லயம் பூராவும் இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது. நெசமா?"

நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் நரைத்த ஒருத்தி, "மிஸ் பேப்பர்ல எழுதுறவங்க. பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள். அது மெச்சுவதற்காகச் சொன்னதல்ல.

எங்கள் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ஏறாதுன்னு சொன்னாங்க" என்றேன். மகளின் தோள் சற்றே இறங்கியது. "ஆனா வீடியோவுல சொல்லல்ல. தொரை எதையும் வெட்டல்ல. திரும்பி வர்றப்ப பஸ்ஸுக்குள்ள, என்கிட்ட சொன்னாங்க."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"பஸ்ஸுக்குள்ளயா?" என்றாள் பெரட்டில் இடுப்பைப் பற்றிக் கேட்ட அதே பெண். "மிஸ்கிட்டயா? ஏன் அக்கா, மிஸ்ஸா மெசினு வாங்குனது?"

சிரிப்பு இஸ்தோப்பின் தகரத்தில் மோதித் திரும்பியது. நரைத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தரையில் துப்பிவிட்டுப் போனாள். மற்றவர்கள் அந்த ஒரு சொல்லை, பஸ்ஸுக்குள்ள, பஸ்ஸுக்குள்ள, என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போய்ச் சேருவது எனக்கே கேட்டது.

மகள் மறுபடி கத்தியை எடுத்தாள். தாயைப் பார்க்காமல், "ஒரு வார்த்தை. அந்தாளு முன்னால ஒரே ஒரு வார்த்தை. வாயில பல்லுதான் இல்லைன்னு நெனச்சேன்" என்றாள்.

எங்கள் அம்மா என்னோடு ரோடு வரை நடந்துவந்தார். ஃபெக்டரி ரோட்டில் மடுவத்தின் கதவில் பூட்டு. மெசினின் சத்தம் மேலே எங்கோ கேட்டது; அது மலை ஏறியிருந்தது. பஸ் வரும்வரை என்னோடு நின்றார். வந்ததும், ஏறப்போன என் கையைத் தொட்டார்.

"பஸ்ஸுன்னு சொல்லாம விட்டிருக்கலாமே மிஸ்."

"கேட்டாங்க. சொன்னேன்."

"ஆமா" என்றார். "கேட்டாங்கதான்."

இரண்டு வாரம் கழித்துப் போன் எடுத்தார். மகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாளாம். அம்மாவிடம் சொல்லாமல், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையாவின் மனைவி பிடித்துக்கொடுத்த இடம். அங்கேயிருந்து அவளும் போன் எடுக்கவில்லை. இவருக்கு அந்த நம்பரும் தெரியாது. நான் கொழும்பில்தானே இருக்கிறேன், ஒரு தடவை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எந்த இடம் என்று கேட்டேன். வெள்ளவத்தையோ பம்பலப்பிட்டியோ, கடல் தெரியுமாம், பதினோராவது மாடியாம் என்றார்.

"இடுப்போட எப்படி ஏறுவா மிஸ்? லிப்ட் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

"வேலைக்காரங்களையும் அதுல ஏத்துவாங்களா?"

வீட்டுக்கு வீடு வேறுபடும் என்றேன். அது சரியான தகவல்.